பாத்திக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரத்தில் காலிமனையிலும் குடியிருப்பின் ஓரத்திலும் பத்துப் பேர் சேர்ந்து காய்கறி போடுவது பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. முதல் அறுவடையைக் கையில் ஏந்திய படமும் கூடவே வருகிறது. நான்காவது மாதம் அதே தோட்டத்தைப் போய்ப் பார்த்தால் முற்றிப்போன வெண்டை, மஞ்சள் பாரித்த இலை, இடுப்பளவு களை. விதை சரியில்லை, வெயில் அதிகம் என்று காரணம் சொல்கிறார்கள். கூட்டுத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் எங்களுக்குத் தெரிந்த காரணம் வேறு. எல்லோருக்கும் பொதுவான பாத்தி சீக்கிரமே யாருக்கும் சொந்தமில்லாத பாத்தியாகிவிடுகிறது. விளைச்சல் பொதுவாக இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு பாத்திக்கும் பெயர் சொல்லும்படி ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

இடம் தேர்வில் வெயில்தான் முதல் கேள்வி. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை எல்லாம் குறைந்தது ஆறு மணி நேரம் நேர்வெயில் கேட்கும். காலை ஒன்பது, நண்பகல், மூன்று மணி என்று மூன்று வேளை நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். வெயில் குறைந்த மூலையைக் கீரைக்கு ஒதுக்கலாம்.

அடுத்தது மண். நகரத்துக் காலிமனையின் மண் பெரும்பாலும் கட்டட இடிபாடுதான். சிமென்டும் சுண்ணாம்பும் கலந்திருந்தால் மண்ணின் காரத்தன்மை ஏறிவிடும். அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவது இதன் அடையாளம். பழைய சுவரின் பெயின்டிலிருந்து ஈயம் கலந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கீரையும் கிழங்கும் போடுவதாக இருந்தால் மண் பரிசோதனை செய்யாமல் தொடங்கக் கூடாது. வடிகால் எப்படி என்று பார்க்க ஒரு அடி ஆழத்தில் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் இறங்கினால் நல்ல மண். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே எந்தக் காயும் தேறாது.

சந்தேகம் இருந்தால் மேட்டுப்பாத்தி போட்டுவிடுவதே மேல். 1990களின் தொடக்கத்தில் கியூபாவின் ஹவானா நகரத்தில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, மண் சரியில்லாத மனைகளில் கரை கட்டி, உள்ளே மண்ணும் மக்கிய உரமும் நிரப்பித்தான் காய்கறி எடுத்தார்கள். அகலம் 1.2 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இரண்டு பக்கத்திலிருந்தும் கை எட்டாமல் உள்ளே காலை வைப்பார்கள், மண் இறுகிவிடும். நீளம் 3 மீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர் என்றால் ஒரு பாத்திக்குச் சுமார் 1,080 லிட்டர் கலவை பிடிக்கும். மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய உரம் ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு நாற்றின் இலை நுனியைக் கருக்கும். இரண்டு வாரத்தில் கலவை அமுங்கும், அதற்காகக் கொஞ்சம் உரத்தைத் தனியே எடுத்து வையுங்கள்.

அந்த ‘நன்கு மக்கிய’ என்ற சொல்லை யாரும் கண்டுகொள்வதில்லை. அரைகுறையாக மக்கியதை மண்ணில் கலந்தால், மீதியை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையே (நைட்ரஜன்) எடுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். ஒரு கைப்பிடி உரத்தை ஈரமாக்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் போடலாம். புளித்த நெடியோ அம்மோனியா நெடியோ அடித்தால் இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும். குவியல் நாறினால் பச்சைக் கழிவு கூடிவிட்டது என்று பொருள். ஒரு கூடை சமையலறைக் கழிவுக்கு இரண்டு மூன்று கூடை சருகு என்ற கணக்கு தவறக் கூடாது. ஈரம் பிழிந்த பஞ்சு அளவுக்கு இருந்தால் போதும்.

நாற்றுக்கு நாள் கணக்கை நடும் நாளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். மிளகாய் நாற்றுக்கு 40 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, தக்காளிக்கு 25 நாள். மூன்றையும் ஒரே நாளில் விதைத்துவிட்டு ஒரே நாளில் நடுவார்கள். மிளகாய் பிஞ்சாக இருக்கும், தக்காளி குழித்தட்டுக்குள் வேர் சுற்றிக் கிழடு தட்டியிருக்கும். விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம்தான் அளவு. நெருக்கமாக விதைத்து, காற்றோட்டம் இல்லாமல், மாலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் நாற்றழுகல் வரும். தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் நூல்போல் இளைத்து நாற்று சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு எந்த மருந்தும் அதைத் தூக்கி நிறுத்தாது. நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து வெயிலுக்குப் பழக்கி, மாலை வேளையில் நடுங்கள். தக்காளியை மட்டும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதி புதையும்படி நடலாம். புதைந்த தண்டு முழுக்க வேர் விடும்.

வெண்டைக்கு நாற்று வேண்டாம். இரவு முழுக்க ஊறவைத்த விதையை இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். வரிசைக்கு வரிசை 45, செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் என்றால் மேலே சொன்ன பாத்தியில் 30 செடி. தக்காளிக்கு எல்லாப் பக்கமும் 60 சென்டிமீட்டர் விட்டுப் பத்துச் செடிதான். பத்து நாற்று நட்ட பாத்தி முதல் மாதம் காலியாகத்தான் தெரியும். இடைவெளியைப் பார்த்து யாராவது இன்னும் பத்து நாற்று கொண்டுவந்து செருகிவிடுவார்கள். ஒருவர் பொறுப்பில் இருந்தால் வேண்டாம் என்று சொல்ல ஆள் இருக்கும்.

இனி தண்ணீர். கூட்டுத் தோட்டத்தில் செடிகள் அதிகம் சாவது இதில்தான், அதுவும் அன்பினால். காலையில் ஒருவர் ஊற்றுகிறார். மதியம் இலை சோர்ந்திருப்பதைப் பார்த்து இன்னொருவர் ஊற்றுகிறார். மாலையில் வேலை முடிந்து வருகிறவர் தன் பங்குக்கு ஊற்றுகிறார். கடும் வெயிலில் இலை தொங்குவது இயல்பு, மாலையில் தானே நிமிரும். மண் சேறாகி வேருக்குக் காற்றுக் கிடைக்காத செடியும் அதேபோல்தான் தொங்கும். அதற்கு மேலும் ஊற்றினால் வேர் அழுகும். ஆட்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் பூவாளியைக் கீழே வைத்துவிடலாம். பொதுவான கணக்கு, சதுர மீட்டருக்கு வாரம் 25 லிட்டர். 3.6 சதுர மீட்டர் பாத்திக்கு 90 லிட்டர், அதாவது பத்து லிட்டர் பூவாளியில் ஒன்பது. கோடையில் இரண்டு மடங்கு வரை போகும். இதைத் தினம் தெளிப்பதைவிட வாரத்தில் இரண்டு மூன்று முறை ஆழமாக விடுவது நல்லது, வேர் கீழே இறங்கும். விதையும் புது நாற்றும் உள்ள பாத்திக்கு மட்டும் தினமும் கொஞ்சம் வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் சருகு மூடாக்கு போட்டால் ஈரம் நிற்கும், ஆனால் தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள். பாத்தி மூலையில் ஒரு குச்சி நட்டு, ஊற்றியவர் அதில் துணியைக் கட்டிவிட்டுப் போகும் ஏற்பாடு எளிமையானது, வேலை செய்கிறது.

தக்காளியின் அடியில் கறுத்து, தோல்போல் அமுங்கிய வட்டம் விழுவது இந்தத் தண்ணீர்க் குழப்பத்தின் நேரடி விளைவு. கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது. மண்ணில் கால்சியம் இருக்கும். நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் குளமாக்கினால், தண்ணீரோடு சேர்ந்து ஏற வேண்டியது ஏறாது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதால் அந்தப் பருவத்துக்குப் பயன் இல்லை, அது கரைய மாதக்கணக்காகும். தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த கொத்தே சுத்தமாக வரும்.

பூச்சியில் பலரும் தடுமாறுவது மிளகாய் இலைச் சுருட்டலில். இலை படகுபோல் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் பெரும்பாலும் சிலந்திப்பேன். இரண்டுக்கும் வேப்பெண்ணெய், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. முதலில் சோப்புக் கரைசலில் அதைக் கலந்து பால்போல் ஆக்கிய பிறகே தண்ணீரில் விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தனியே மிதந்து, கடைசியாகத் தெளிக்கும் செடியின் இலையைக் கருக்கும். மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி, வாரம் ஒருமுறை. உடனே கொல்லும் மருந்து இல்லை இது. கத்தரியில் கொழுந்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, இறுகக் கட்டிய பையில் போடுங்கள். உரக்குழியில் போட்டால் அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும்.

எல்லாவற்றிலும் கடினமானது, நோய்ச் செடியைப் பிடுங்குவது. வெண்டை இலையில் நரம்பு மஞ்சள் வலைபோல் தெரிந்தால் அது வைரஸ். வெள்ளை ஈ அதை அடுத்த செடிக்கும் அடுத்த பாத்திக்கும் கொண்டுபோகும். குணமாக்க வழியில்லை, அன்றே பிடுங்க வேண்டும். பொதுப் பாத்தியில் இதைச் செய்யத்தான் யாருக்கும் கை வராது. “யார் நட்டதோ, கேட்டுவிட்டுச் செய்யலாம்” என்று ஒரு வாரம் போகும், அதற்குள் முப்பது செடியில் இருபது மஞ்சளாகும். தக்காளியோ கத்தரியோ பச்சையாக இருக்கும்போதே திடீரென்று முழுச் செடியும் வாடினால், தண்டின் அடியில் ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டிய முனையிலிருந்து பால்போன்ற வெண்புகை நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். வேரோடும் வேர் மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்தி, வெட்டிய கத்தியைக் கழுவித் துடைத்த பிறகே அடுத்த செடியைத் தொட வேண்டும். பாத்திப் பொறுப்பாளர் யாரையும் கேட்காமல் பிடுங்கலாம் என்ற விதியைப் பருவம் தொடங்கும் முன்பே எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

கொடிகளில் முதலில் பூப்பது ஆண் பூக்கள், அவை உதிர்வதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். பெண் பூவின் அடியில் சின்னப் பிஞ்சு இருக்கும். அது மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. நகரத்தில் தேனீ குறைவாக இருந்தால், ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கிப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடலாம். பூசணிக்கு விடியற்காலையிலும் பீர்க்கு, சுரைக்கு மாலையிலும் பூ விரியும். பொறுப்பாளர் எந்த நேரம் வரக்கூடியவரோ, அதற்கேற்ற கொடியை அவரிடம் கொடுங்கள்.

பறிப்பதிலும் இதே கதைதான். வெண்டை காய்க்கத் தொடங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். பொதுக் காயை நாம் எப்படி எடுப்பது என்று ஆளாளுக்குத் தயங்கினால் நான்கே நாளில் நார் ஏறிவிடும். முற்றிய காய் செடியில் நின்றால், விதை தயாராகிவிட்டது என்று செடி புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். பொறுப்பாளர் பறித்துப் பொதுக் கூடையில் வைக்கட்டும், பங்கு அங்கிருந்து பிரியட்டும். ஊருக்குப் போகிறவர் யாரிடம் ஒப்படைத்தார் என்று பலகையில் எழுதிவிட்டுப் போக வேண்டும்.

பருவம் முடிந்ததும் தட்டைப்பயறு, கொத்தவரைச் செடிகளைப் பிடுங்காமல் மண்மட்டத்தில் வெட்டுங்கள். வேர் முடிச்சுகளில் உள்ள தழைச்சத்து மண்ணிலேயே மக்கும். தக்காளி, கத்தரி, வெண்டையைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். தேய்த்தால் உதிராத கழலைபோன்ற வீக்கம் வேரோடு ஒட்டியிருந்தால் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு இருக்கிறது, அதைக் குறைக்க அந்தப் பாத்தியில் அடுத்ததாகச் செண்டுமல்லி போடலாம். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நான்கும் ஒரே குடும்பம். ஒன்று நின்ற பாத்தியில் அடுத்த பருவம் மற்றொன்றை வைத்தால் பழைய நோய் புதுச் செடிக்காகக் காத்திருக்கும். எந்தப் பாத்தியில் எது நின்றது என்பது ஆறு மாதம் கழித்துப் பத்துப் பேரில் ஒருவருக்கும் நினைவிருக்காது. பாத்தி எண், பயிர், விதைத்த தேதி, பிடுங்கிய தேதி, பிடுங்கிய காரணம், பொறுப்பாளர் பெயர் இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி, பூவாளி இருக்கும் இடத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

இப்படிக்கு,
கூட்டுத் தோட்டக் குழுவினர்