‘டிரக்கைக் கைவிட்டார்’ என்று பதிவு செய்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க டிரக் நிறுவனங்களின் சேஃப்டி அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு,

வணக்கம். நான் டிரக்கைக் கைவிட்டேன் என்று தவறாகப் பதிவு செய்த, உங்களில் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் நான் அனுப்ப வேண்டிய ஆங்கிலக் கடிதம், சான்றுகளோடு, பதிவுத் தபாலில் ஏற்கெனவே போய்விட்டது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், டொராண்டோ பக்கமிருந்து எல்லை தாண்டி ஓட்டுகிறவர்களும், என்னைப்போல அமெரிக்காவிலேயே ஓட்டுகிறவர்களுமாக, இதே சிக்கலில் மாட்டிக்கொண்டு ‘நம்ம தலையெழுத்து’ என்று சும்மா இருக்கும் தமிழ் டிரைவர்களும் படிக்க வேண்டும் என்பதுதான்.

ஒரு டிரைவர் வேலையை விட்டதும் உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் கணினியில் சில கட்டங்களை நிரப்புகிறார். எப்போது சேர்ந்தார், எப்போது போனார், விபத்து உண்டா, ஏன் போனார், திரும்ப வந்தால் சேர்ப்பீர்களா. இரண்டு நிமிட வேலை. அது பின்னணி அறிக்கை நிறுவனத்துக்குப் போய், நாங்கள் டிஏசி என்று சொல்லும் அறிக்கையில் ஏறிவிடுகிறது. அடுத்து வேலை கேட்கும் இடத்தில் எங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைத்தான் பார்க்கிறார்கள்.

நான் கடைசி லோடை இறக்கிவிட்டு, டிரக்கை நிறுவனத்தின் சொந்த டெர்மினலில் நிறுத்தி, சாவியை ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். விலகுகிறேன் என்று, எங்களுக்கு லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சருக்கு அனுப்பிய செய்தியும், அவர் ‘சரி’ என்று போட்ட பதிலும் இருக்கின்றன. அறிக்கையில் இருப்பதோ ‘டிரக்கைக் கைவிட்டார்’.

இந்தத் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரக்கோடு வண்டியை ஏதோ ஒரு டிரக் ஸ்டாப்பில் போட்டுவிட்டு ஓடிப்போனவன். அவன் விட்ட வண்டியை எடுத்துவர இன்னொரு டிரைவரை அனுப்ப வேண்டும், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆள் எடுப்பவர் அந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுவார். அதற்கு மேல் எத்தனை வருடம் விபத்தில்லாமல் ஓட்டியிருந்தாலும் கணக்கில் வராது. ‘பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறோம்’ என்பார்கள். கூப்பிட மாட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1970-இல் வந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வங்கிக் கடனுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். வேலைக்கான பின்னணி அறிக்கையும் அதற்குள்தான் வருகிறது. தவறு என்று நான் எழுதிக்கொடுத்தால் அறிக்கை நிறுவனம் காசு வாங்காமல் 30 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். இடையில் நான் புதிய ஆதாரம் கொடுத்தால் இன்னும் 15 நாள் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து வேலை நாளுக்குள் தகவல் தந்தவருக்கு, அதாவது உங்களுக்கு, அதைத் தெரிவிக்க வேண்டும். நீங்களும் விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள். உறுதிப்படுத்த முடியாததை நீக்க வேண்டும்.

நடப்பது என்ன? கேள்வி உங்கள் மேசைக்கு வருகிறது. நீங்கள் அதே திரையைத் திறக்கிறீர்கள், அதே வரி இருக்கிறது, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அழுத்துகிறீர்கள். பரீட்சை எழுதியவனே தன் தாளைத் திருத்தி மார்க் போட்டுக்கொள்கிற மாதிரி. எனக்கு அப்படித்தான் பதில் வந்தது. வேண்டுமானால் என் தரப்பைச் சுமார் 100 சொல்லில் எழுதி அறிக்கையோடு சேர்த்துக்கொள்ளலாமாம். முதல் வரியிலேயே நிறுத்திவிடுகிறவர் அதை எங்கே படிக்கப் போகிறார்?

‘டேட்டாக்யூஸில் போடுங்க அண்ணே’ என்று தம்பிகள் சிலர் சொன்னார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அது சாலையோரச் சோதனை, விபத்துப் பதிவு மாதிரியான அரசுத் தரவுக்கான வழி. அந்த அரசுத் தரவிலிருந்து எடுக்கும் பிஎஸ்பி அறிக்கையில் தவறு என்றால் அங்கே போகலாம். முன்னாள் நிறுவனம் தன் கையால் எழுதியதை அங்கே அசைக்க முடியாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கூட்டாட்சி விதி 391.23 உங்களிடம் உண்மையில் என்ன கேட்கிறது? புதிய நிறுவனம் கடந்த மூன்று ஆண்டுகளின் பாதுகாப்பு வரலாற்றை விசாரிக்கும்போது, ஆள் யார், வேலை பார்த்தாரா, விபத்து உண்டா என்று நீங்கள் சொல்ல வேண்டும். போதைப்பொருள், மது விதிகளை மீறினாரா என்பதையும் முன்பு உங்களிடம்தான் கேட்டார்கள்; 2023 முதல் அதை அரசின் கிளியரிங்ஹவுஸ் தரவுத்தளத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். விபத்து என்றால் உயிரிழப்பு, உடனே சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டிய காயம், அல்லது வண்டியை இழுத்துப்போக வேண்டிய அளவு சேதம். ரிவர்ஸ் எடுக்கும்போது வேலியில் உரசியதைச் சொல்வது உங்கள் விருப்பம். ‘கைவிட்டார்’, ‘மறுபடி சேர்க்கத் தகுதியில்லை’ என்பதையெல்லாம் அந்த விதி கேட்கவில்லை. நீங்களாகச் சேர்ப்பவை அவை. நீங்களாகச் சேர்ப்பதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டியவர்களும் நீங்கள்தான்.

மற்ற வேலைகளில், அறிக்கையைக் காரணம் காட்டி ஆளை மறுப்பதற்கு முன்பே அதன் நகலை அவரிடம் கொடுக்க வேண்டும். போனிலோ இணையத்திலோ விண்ணப்பிக்கும் டிரக் டிரைவருக்கு மட்டும் சட்டம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது: மறுத்த பிறகு மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் போதும், நகலை அவர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதாவது வேலை போன பிறகுதான் ஏன் போனது என்றே எங்களுக்குத் தெரிகிறது. அவதூறு வழக்கு போடலாம் என்றால், பாதுகாப்பு வரலாறு தருகிறவருக்கு அங்கேயும் ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு. தெரிந்தே பொய் சொன்னால் அது பொருந்தாது, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதை ஏழை டிரைவர் எப்படி நிரூபிப்பார்?

உங்களில் எல்லோரும் அப்படி இல்லை. ஆள் மாறிப் பதிவானதை ஒரே போனில் சரிசெய்து கொடுத்த அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். ஆனால் சில இடங்களில் இந்தக் கட்டங்கள் பழிவாங்கவும் பயன்படுகின்றன என்பது டிரைவர்கள் எல்லோரும் அறிந்த விஷயம். 14 மணி நேர வரம்பு முடிந்தும் ‘இன்னும் கொஞ்சம் ஓட்டு’ என்பதற்கு மாட்டேன் என்றவர், தேய்ந்த டயரோடு கிளம்ப மறுத்தவர், இவர்களின் பதிவில் பிற்பாடு என்னென்னவோ முளைக்கிறது. இப்படி மறுப்பவர்களுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது; 180 நாளுக்குள், தொழிலாளர் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான ஓஷாவில் புகார் கொடுக்கலாம். தம்பிகளே, நாள் தாண்டவிடாதீர்கள்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. ‘கைவிட்டார்’ என்ற கட்டத்தைத் தொடுவதற்கு முன் வண்டி எங்கே நின்றது என்று ஜிபிஎஸ் பதிவைப் பாருங்கள். எல்லா வண்டியையும் நிமிடத்துக்கு நிமிடம் கண்காணிக்கும் உங்களுக்கு அது கஷ்டமான காரியம் இல்லை. தகராறு வந்தால் முதலில் பதிவு செய்தவரிடமே அதைத் தள்ளாமல் வேறொருவரிடம் கொடுங்கள். டிஸ்பாட்ச் செய்திகளையும் டெர்மினல் கேட் பதிவையும் எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் அந்தப் பட்டனை அழுத்துங்கள்.

என் பழைய நிறுவனத்துக்கு: டிரக்கைத் திருப்பிக்கொடுத்த சான்று என் கடிதத்தில் மூன்றாவது இணைப்பு. அதைப் பார்த்துவிட்டு அந்த வரியை எடுங்கள். எடுத்ததும், கடந்த இரண்டு ஆண்டுகளில் வேலைக்காக அந்த அறிக்கையை வாங்கிய எல்லா நிறுவனங்களுக்கும் திருத்தத்தை அனுப்பும்படி அறிக்கை நிறுவனத்திடம் கேட்பேன். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எடுக்க முடியாது என்றால் எந்த ஆதாரத்தை வைத்து முடியாது என்கிறீர்கள் என்பதை எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு டிரைவர்