நினைவுகள் வேறுபடலாம்

லண்டன்
அக்டோபர் 2025

அன்புள்ள வசந்தாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ போகிற போக்கில் கேட்டிருந்த கேள்வி என்னைத் தடுத்து நிறுத்திவிட்டது. “பெற்ற தகப்பனைப் பற்றி ஊர் உலகத்துக்கு முன்னால் குறை சொல்லும் அந்த இங்கிலாந்து இளவரசன் ஹாரிக்கு வெட்கமே கிடையாதா? நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருக்கிற நீ இதை எப்படிப் பார்க்கிறாய்?” என்று எழுதியிருந்தாய். நான் இந்த நாட்டுக்கு வந்தது 1981இல், ஹாரியின் பெற்றோரான சார்லஸுக்கும் டயானாவுக்கும் திருமணம் நடந்த அதே கோடையில். அதனால் இந்தக் குடும்பத்தின் கதையை நடுவில் விட்டுவிடாமல் பார்த்துவந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நூலகத்தில் என் வேலையின் கடைசிக் குளிர்காலத்தில்தான், 2023 ஜனவரி 10ஆம் தேதி, ஹாரியின் புத்தகம் வெளியானது. ‘ஸ்பேர்’ என்று பெயர். மூத்தவன் பட்டத்துக்கு வாரிசு, இளையவன் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பயன்படுத்திக்கொள்வதற்கு. நம்மூர் டிரைவர்கள் ஸ்டெப்னி என்பார்களே, அந்த அர்த்தம்தான். முதல் நாளில் மட்டும் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்று நாடுகளிலும் சேர்த்து 14 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எங்கள் நூலகத்தில் முன்பதிவுப் பட்டியல் இரண்டு பக்கத்தைத் தாண்டியது. வாராவாரம் துப்பறியும் நாவல் எடுக்க வரும் ஒரு மூதாட்டி என் மேசையில் கையூன்றி நின்றுகொண்டு, நன்றி கெட்ட பிள்ளை, எல்லாம் கிடைத்தும் புலம்புகிறான் என்று கால் மணி நேரம் பொரிந்து தள்ளினார். பிறகு, குரலைத் தாழ்த்தி, பட்டியலில் தன் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். இந்த நாட்டில் இந்த விவாதம் நடந்த விதத்தை அவரைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

உன் கோபத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: அரச குடும்பத்தில் பிறந்தவர்கள் துக்கத்தை விழுங்கிக்கொள்வார்கள், இவன் ஒருவன்தான் மரபை உடைத்தான் என்பது. குறை சொல்லாதே, விளக்கம் கொடுக்காதே என்பதுதான் அவர்களுடைய வேதம் என்று இங்கேயும் பேசிக்கொள்கிறார்கள். நடந்தது அப்படியில்லை. 1936இல் முடிதுறந்த எட்டாம் எட்வர்டு 1951இல் தன் வாழ்க்கைக் கதையை வெளியிட்டார். குழந்தையாக இருந்தபோது, மாலையில் பெற்றோரிடம் காட்ட அழைத்துப் போகும் ஆயா, கதவருகில் வைத்து அவருடைய கையைத் திருகிக் கிள்ளிவிடுவாளாம். பிள்ளை வீறிட்டு அழும். பெற்றோர் எரிச்சலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் அதை எழுதி வெளியிட்டபோது அவருடைய தாய் மேரி அரசியார் உயிரோடுதான் இருந்தார்.

இன்னும் கிட்டத்தில், 1994இல், இப்போது அரசராக இருக்கும் அதே சார்லஸ்தான் தன் டயரிகளையும் கடிதங்களையும் ஜோனதன் டிம்பிள்பி என்ற பத்திரிகையாளரிடம் கொடுத்துத் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதச் செய்தார். எட்டு வயதில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டதும், பதின்மூன்று வயதில் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள கார்டன்ஸ்டவுன் பள்ளியில் சேர்க்கப்பட்டதும், தந்தையின் கடுமையும், தாயிடம் உணர்ந்த தூரமும் எல்லாம் அதில் வந்தன. அந்தப் பள்ளியிலிருந்து அவர் எழுதிய கடிதங்களைப் படித்தால் உனக்கே மனம் இளகும். இரவெல்லாம் செருப்பை வீசுகிறார்கள், தலையணையால் அடிக்கிறார்கள், குறட்டை விடுகிறேன் என்று தலையில் தட்டித் தட்டி எழுப்புகிறார்கள் என்று ஒரு சிறுவன் எழுதியிருக்கிறான். அதே பள்ளியில் அவருடைய தந்தை பிலிப் மாணவர் தலைவராக இருந்து சிறந்தவர். தன்னை ஆளாக்கிய இடம் மகனையும் ஆளாக்கும் என்று மனப்பூர்வமாக நம்பியவர். புத்தகம் வந்தபோது பிலிப்புக்கு எழுபத்து மூன்று வயது.

பிலிப்பின் குழந்தைப் பருவத்தைப் பார்த்தால் யாரை நோவது என்றே தெரியாது. பிறந்து ஒன்றரை வயதில், 1922இல், குடும்பத்தோடு கிரேக்கத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். எட்டு வயதில் தாயை மனநலக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். தந்தை தெற்கு பிரான்சில் தனியாகப் போய் இருந்துகொண்டார். நான்கு அக்காள்களும் கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். பதினாறு வயதில், அவர்களில் ஒருத்தி தன் குடும்பத்தோடு விமான விபத்தில் மாண்டாள். பின்னாளில் ஒரு பேட்டியில், சிறுவயதில் வீட்டில் எந்த மொழி பேசினீர்கள் என்று கேட்டதற்கு, வீட்டில் என்றால் என்ன அர்த்தம் என்று திருப்பிக் கேட்டாராம். அதற்கு மேல் அவர் புலம்பியதாகத் தெரியவில்லை. வேறு வழியில்லை, நடப்பதைப் பார்க்க வேண்டியதுதான் என்பது அவர் கட்சி. நீ மெச்சும் மௌனம் அவருடையது. அந்த மௌனம்தான் மகனை அதே பள்ளிக்கு அனுப்பியது என்று நான் சொன்னால் நீ சண்டைக்கு வருவாய், வா.

இடையில் ஒன்று. பின்னாளில் அரசியான எலிசபெத்துக்கும், அவருடைய தங்கை மார்கரெட்டுக்கும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்த மேரியன் கிராஃபோர்டு என்ற பெண், 1950இல் அந்தச் சிறுமிகளின் பிள்ளைப் பருவத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டாள். அதில் ஒரு குறையும் கிடையாது, தேனில் குழைத்த பாசம்தான். ஆயினும் அன்றோடு உறவு அறுந்தது. அவள் 1988இல் இறந்தபோது அரண்மனையிலிருந்து ஒரு மலர்வளையம்கூடப் போகவில்லை. ஆகவே குற்றம் குறை சொல்வதில் மட்டும் இல்லை வசந்தா, யாரைக் கேட்டுச் சொன்னாய் என்பதில்தான் இருக்கிறது.

இதை எனக்கு உறுதிப்படுத்தியது ஹாரியின் கதையே. 2017 ஏப்ரலில், அண்ணன் அண்ணியோடு சேர்ந்து நடத்திய மனநல இயக்கத்தின் சமயத்தில், தாய் இறந்த பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எல்லா உணர்வுகளையும் பூட்டியே வைத்திருந்ததாக ஒரு பத்திரிகையாளரிடம் மனம் திறந்தார். நாடே கொண்டாடியது. ஆண்பிள்ளைகளும் அழலாம் என்று தலையங்கம் எழுதினார்கள். நான்கே ஆண்டுகள் கழித்து, 2021 மே மாதத்தில், அதே துயரத்தைப் பற்றி அமெரிக்காவிலிருந்து பேசினார். தான் பட்டதைத்தான் தந்தை தனக்கும் கொடுத்தார், எனக்கு அப்படி இருந்தது, உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வளர்த்தார், தன் பிள்ளைகளோடு இந்தச் சங்கிலியை அறுக்க வேண்டும் என்றார். இந்த முறை பாராட்டுக்குப் பதில் வசைதான் கிடைத்தது. தாத்தா பிலிப் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார். துயரம் மாறவில்லை, வாயும் மாறவில்லை. முதல் முறை காரணமில்லாத துயரமாக, மழையைப் போல வானத்திலிருந்து விழுந்ததாகச் சொன்னார். இரண்டாம் முறை, அதற்குக் காரணமானவர்களில் ஒருவராகத் தந்தையையும் குறிப்பிட்டார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதிலும் உரத்துத் திட்டியவை எவை தெரியுமா? செய்தித்தாள்கள். 2023 டிசம்பரில் மிரர் குழுமத்தின் மீது அவர் போட்ட வழக்கில், நீதிமன்றம் எடுத்துக்கொண்ட 33 செய்திகளில் 15 சட்டவிரோதமாகத் திரட்டிய தகவலிலிருந்து வந்தவை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். 2025 ஜனவரியில் ‘தி சன்’ நாளிதழை நடத்தும் நிறுவனம், 1996 முதல் 2011 வரை அவருடைய சொந்த வாழ்க்கையில் நுழைந்ததற்காகச் சமரசத்தின் பேரில் மன்னிப்புக் கேட்டது. 1996இல் அவருக்குப் பதினோரு வயது. பதினோரு வயதுப் பையனின் அந்தரங்கத்தை எடுத்து விற்கலாம். அவனே வளர்ந்து தன் கையால் எடுத்துப் போட்டால் வெட்கக்கேடு. இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

உன் பக்கம் நான் சாயும் இடமும் உண்டு. நான் புத்தகத்தை முழுதாகப் படித்தேன். பால்மோரல் மாளிகையில் அண்ணனுக்கும் தனக்கும் ஒதுக்கிய அறையில் அண்ணனின் பாதி பெரியது, நல்ல கட்டில், பெரிய கைகழுவும் தொட்டி, தன் பாதி சிறியது என்று எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. நாம் எத்தனை பேர் ஒரே பாயில் படுத்தோம் என்று எண்ணிப் பார்த்தேன். ஆனால் சில பக்கம் தள்ளி, 1997 ஆகஸ்டு கடைசி நாள் விடியற்காலையில், தந்தை வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, தாய்க்கு விபத்து என்று சொல்லும் இடம் வருகிறது. அணைத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறார். அதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை, இயல்பான நேரத்திலேயே உணர்ச்சியைக் காட்டத் தெரியாதவர் அந்த நேரத்தில் எப்படிக் காட்டுவார் என்ற தொனியில்தான் இருக்கிறது. செருப்படி வாங்கிக்கொண்டு தூங்காமல் கிடந்த அந்தப் பையனைத்தான் அந்தக் கட்டில் ஓரத்தில் நான் பார்த்தேன்.

அந்த வாரம் சனிக்கிழமை நடந்த இறுதி ஊர்வலத்தை நானும் என் மகளும் தெருவோரம் நின்று பார்த்தோம் என்று உனக்கு எழுதியிருக்கிறேன். அவ்வளவு கூட்டத்தில் குதிரைக் குளம்பும் மணியும் தவிர வேறு சத்தமே இல்லை. சவப்பெட்டியின் மேல் வெள்ளை மலர்களுக்கு நடுவில் ‘மம்மி’ என்று எழுதிய அட்டை. பின்னால் தலையைக் குனிந்து பன்னிரண்டு வயதுப் பையன் நடந்துபோனான். என் மகளுக்கு அப்போது பதினொன்று. அவனைக் கட்டாயம் நடக்கச் சொன்னார்களா என்று கேட்டாள், தெரியவில்லை என்றேன். இருபது ஆண்டுகள் கழித்து அவர், எந்தக் குழந்தையையும் அப்படிச் செய்யச் சொல்லக் கூடாது என்றார். அதே கோடையில் இன்னொரு பேட்டியில், அதில் கலந்துகொண்டதில் மகிழ்ச்சி என்றும் சொன்னார். பத்திரிகைகள் இதை முரண்பாடு என்று பிடித்துக்கொண்டன. எனக்கு இரண்டும் உண்மையாகத்தான் படுகிறது.

நினைவு அப்படிப்பட்டது. கொள்ளுப்பாட்டி இறந்த செய்தி வந்தபோது தான் ஈட்டன் பள்ளியில் இருந்ததாகப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். உண்மையில் அன்று தந்தையோடும் அண்ணனோடும் சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்தார் என்று உடனே எடுத்துக் காட்டினார்கள். சார்லஸ் விஷயத்திலும் இதேதான். தாயார் பாசமில்லாதவர் என்ற பேச்சை, 2002இல் அவருடைய தங்கை ஆன் தொலைக்காட்சியிலேயே அடியோடு மறுத்தார். ஒரே தாய், ஒரே வீடு, இரண்டு பிள்ளைகள். 2021 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ராவுக்கு ஹாரியும் மனைவியும் கொடுத்த பேட்டி வந்த இரண்டாம் நாள் எலிசபெத் அரசியார் வெளியிட்ட அறிக்கையில், சில நினைவுகள் வேறுபடலாம் என்று ஒரு தொடர் இருந்தது. அது அந்தப் பேட்டியில் எழுந்த நிறவெறிக் குற்றச்சாட்டைக் குறித்துச் சொன்னது, குழந்தைப் பருவத்தைப் பற்றி அல்ல. ஆனால் அந்தத் தொடர் இங்கே பழமொழியாகவே ஆகிவிட்டது. அப்போது, எவ்வளவு நாசூக்கான பதில் என்று நானும் வியந்தேன்.

போன மாதம் அதை வேறு விதமாகக் கேட்டேன். உன்னிடம்தான் சொல்ல முடியும். மகள் தன் குழந்தையோடு வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஹாரியைப் பற்றி நீ எழுதியதைச் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. பள்ளி விட்டு வந்து, பூந்தொட்டிக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, நான் வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்த குளிர்காலங்களைப் பற்றிச் சொன்னாள். நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது. இரண்டு வருஷம் என்றாள். பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொள்ள ஒப்புக்கொள்ளும்வரை சில வாரங்கள்தான் என்பது என் நினைவு. “உனக்குச் சரியாக ஞாபகம் இல்லை” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் மேலே ஒன்றும் பேசாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அரசியார் சொன்னதைத்தான் நானும் சொல்லியிருக்கிறேன், அவருடைய நாசூக்கு இல்லாமல்.

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று உன் பாட்டி சொல்வார்களே. என் மகள் சமையலறையில் சொன்னாள். அதனால் எனக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. ஹாரி உலகத்துக்கே சொன்னார். தந்தை பதில் சொல்ல வேண்டுமானால் அவரும் உலகத்துக்குத்தான் சொல்ல வேண்டும், சொல்லவும் முடியாது. என்னுடைய குறை அதுதான். வெட்கம் பற்றியது அல்ல. அண்ணனின் பிள்ளைகள் வளர்ந்து அதைப் படிப்பார்கள் என்பதும் உறுத்துகிறது. புத்தகத்துக்குப் பணம் வாங்கியதைப் பற்றி நீ எழுதியிருப்பதற்கு நான் வாதாடப் போவதில்லை, வாங்கினார்.

சென்ற மாதம் 10ஆம் தேதி, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் தந்தையை லண்டனில் போய்ப் பார்த்தார். ஒன்றரை வருஷத்துக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு சந்திப்பு. தேநீரோடு ஒரு மணி நேரம்கூட இல்லை. என்ன பேசினார்கள் என்று இதுவரை இருவரும் வெளியே சொல்லவில்லை. தொலைக்காட்சியில் அந்தக் கார் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். அந்த இரண்டு வருஷக் கணக்கைப் பற்றி நானே பேச்செடுக்கப் போகிறேன். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. உன் மகனிடம் நீ எப்போதாவது இப்படிக் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் எழுது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது என்றாலும் எழுது.

அன்புடன்,
சாரதா