மாயாற்றில் நீரை மெல்லக் குறையுங்கள்

ஐயா,

நீலகிரியில் தோன்றிப் பவானியில் சேரும் மாயாற்றில் மீன்கள் அருகிவருவது குறித்த தங்கள் செய்தி கண்டேன். காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, இந்த ஆற்றில் வாழும் கூன்முதுகு மகசீர், 50 கிலோவுக்கு மேலும் வளரும் கெண்டை. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் 2018 முதல் மிக அருகிய இனமாக உள்ளது. வெடித் தோட்டா போட்டு மீன் பிடிப்பவர்களைக் குறை சொல்கிறோம் (சொல்ல வேண்டியதுதான்). ஆனால் மேலே அணைகளிலிருந்து மின் உற்பத்திக்காக விடும் நீர் ஒரே நாளில் ஏறி இறங்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாயாற்றங்கரைக் கிராமமான தெங்குமரஹடாவின் பரிசல் துறையில் காலையில் இடுப்பளவு ஓடிய தண்ணீர் மாலையில் கணுக்காலுக்கு வந்துவிட, கூழாங்கற்களுக்கிடையே விரல் நீள மீன்குஞ்சுகள் துடித்ததைப் பார்த்திருக்கிறேன். நீரை நிறுத்தும்போது பல மணி நேரம் எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், கோடையிலும் குறைந்தபட்ச ஓட்டம் இருக்க வேண்டும் என்று அணை இயக்க விதிகளிலேயே சேர்க்கலாம்.

– வாசகர், கோத்தகிரி