விமானத்துக்கு எண் இருந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் பேரனைச் சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவிடத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். மேலே இருக்கும் நினைவுச்சின்னத்தைப் பார்த்து, "ஏரோப்ளேன் இறக்கை மாதிரி இருக்கே தாத்தா" என்றான். இறக்கைதான். அதன் கீழே, கல்லறை கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். காணாமல் போன விமானப்படையினரும் இந்தியச் சிப்பாய்களும் அதில் உண்டு.

அவனிடம் கேஎல்654 கதையைச் சொன்னேன். பிரிட்டிஷ் லிபரேட்டர் விமானம் அது. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டிலிருந்த போராளிகளுக்குப் பொருள்கள் போடக் கொக்கோஸ் தீவிலிருந்து கிளம்பி, 1945 ஆகஸ்ட் 23 அன்று மலாயாவின் நெகிரி செம்பிலானில் குவாலா பிலா பக்கத்து மலைக்காட்டில் விழுந்தது. ஜப்பான் சரணடைவதாக அறிவித்து எட்டு நாள் ஆகியிருந்தது! அதிலிருந்த எட்டுப் பேரும் இறந்துபோனார்கள். காடு விமானத்தை மூடிவிட்டது. பல வருடம் கழித்துத்தான் அந்த மலைக்கு ஆட்கள் ஏறி, சிதைவுகளுக்கிடையே எஞ்சியதைத் தேடி எடுத்தார்கள். 2012 அக்டோபரில் கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது. 67 வருடம் கழித்து!

அது சாத்தியமானதற்குக் காரணம் பதிவேடு. விமானத்துக்கு எண் இருந்தது, அன்று ஏறிய எட்டுப் பேருக்கும் பெயர் இருந்தது.

எங்கள் குடும்பமும் நெகிரி செம்பிலான்தான், சிரம்பான் பக்கத்து ரப்பர் தோட்டம். போர்க்காலத்தில் தாத்தாவின் அண்ணனைச் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர்கள் கூட்டிப்போனார்கள். திரும்பவில்லை. அவரைப் போல மலாயாத் தோட்டங்களிலிருந்து போய் மடிந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில். அங்கே இறந்த போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. நம்மவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

அவர் பெயர் என்னவென்று பேரன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பாட்டி கடைசி வரை "பெரியவர்" என்றே சொன்னார். கணவரின் அண்ணன் பெயரை வாயால் சொல்லக்கூடாதாம். அப்பாவுக்கு அவர் பெரியப்பா. நானும் கேட்டுவைக்கவில்லை. என் தப்புதான்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து இயங்குகிறது. அங்கே போய்ப் பேச எல்லாருக்கும் வாய்க்காது, சரி. அப்படிப் போனவர்களுக்காக உங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கலாமே? ஆளின் பெயர், தோட்டம், கூட்டிப்போன வருடம். மூன்று வரி போதும்.

எங்கள் வீட்டிலிருந்து முதல் வரி மட்டும் காலியாக வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈசூன்