சின்னுவுக்கு: சித்தி எண்ணிய புளியங்கொட்டைகள்

அன்புள்ள சின்னு,

நேற்று ராத்திரி போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. "வலியப் பத்திகூட பயமில்லக்கா, அந்தப் பிரசவ ரூமுக்குள்ள தனியாக் கிடக்கணுமேன்னுதான். அம்மா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாய். உடனே, வாங்கிய தொட்டில் துணியைப் பற்றிப் பேச்சை மாற்றிவிட்டாய். அதற்கு எனக்கு அப்போது பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் செக்கப்புக்குப் போகும்போது பெஞ்சில் பக்கத்தில் இருப்பவளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கிற சங்கதிகள்தான் இவை. நிறைமாதத்தை எண்ணிக்கொண்டிருக்கும் இன்னும் நாலு பேர் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

என் இரண்டாவது பிரசவத்தில் உன் அம்மா, அதாவது என் சித்தி, எனக்கு என்ன செய்தாள் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். அதைச் சொன்னாலே நீ கேட்டதற்குப் பாதி பதில் வந்துவிடும்.

அதற்கு முன்னால் பெரியவன் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். இடுப்பில் லேசாக வலி கண்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "கர்ப்பப்பை வாய் 1 சென்டிமீட்டர்தான் திறந்திருக்கு" என்றார்கள். ஆனாலும் அட்மிஷன் போட்டுவிட்டார்கள். என் அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு, என்னை மல்லாக்கப் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றி, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ அலறிக்கொண்டிருந்தாள். என்னை யாரும் திட்டவில்லை, அதட்டவில்லை. ஆனால் 14 மணி நேரத்தில் ஒருவர்கூட என் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. நான்தான் ரொம்ப நாளைக்குத் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்துகொண்டிருந்தேன்.

நாலு வருஷம் கழித்துச் சின்னவள். தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே உன் அம்மா லால்குடியிலிருந்து ஒரு மஞ்சப்பையோடு திருச்சிக்கு வந்துவிட்டாள். ராத்திரி 2 மணிக்கு எனக்கு வலி எடுத்தது. கை கால் நடுங்க, "ஆட்டோவக் கூப்பிடுங்க" என்று கத்தினேன். சித்தி அசையவில்லை. "இரு. சூட்டு வலியா பிள்ள வலியான்னு மொதல்ல பாப்போம்" என்று அடுப்பங்கரைக்குப் போனாள். வெறும் சட்டியில் சீரகத்தைப் போட்டுக் கருக வறுத்து, தண்ணீரை ஊற்றினாள். அந்த 'சுர்ர்' சத்தமும் வாசனையும் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பாதியாகச் சுண்டியதும் கருப்பட்டி தட்டிப்போட்டுக் கொடுத்தாள்.

சீரகத்துக்கு வலியை நிறுத்துகிற மந்திரம் ஏதும் இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். சூடாக ஏதோ குடித்து, கொஞ்சம் சாய்ந்து ஓய்வெடுத்தால் பொய் வலி அடங்கிவிடும். நிஜ வலி அடங்காது, நெருங்கி நெருங்கி வரும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைப் பதற்றமில்லாமல் கடத்தத்தான் நம் பாட்டிமார் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் மஞ்சப்பையிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டையை எடுத்தாள். இரண்டு கிண்ணம். இடது கிண்ணத்தில் கொட்டைகள். வலி வரும்போதெல்லாம் ஒன்றை எடுத்து வலது கிண்ணத்தில் போடுவாள், சுவர்க்கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பாள். மணிக்கு எத்தனை கொட்டை என்பதுதான் கணக்கு. "நீ கடியாரத்தப் பாக்காத, அது என் வேலை" என்று என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். முதல் பிரசவத்தில் என்னை வதைத்த கடிகாரத்தை இந்தத் தடவை அவள் வாங்கிக்கொண்டாள்.

நான் ஜன்னல் திண்டில் கையூன்றி நின்றேன். ஒவ்வொரு வலிக்கும், உள்ளங்கையின் அடிப்பாகத்தை என் முதுகுத்தண்டின் கடைசியில், வால் எலும்புக்குச் சற்று மேலே வைத்து, தன் உடம்புப் பாரம் முழுவதையும் சாய்த்து அழுத்தினாள். வலி பாதியாகக் குறைந்தது போல இருந்தது. நான் பல்லைக் கடிப்பதைப் பார்த்தால் தாடையில் விரலால் தட்டுவாள். "வாயத் தளத்து. மேல் வாய் இறுகுனா கீழ் வாயும் இறுகும். சூடான காப்பிய ஊதுற மாதிரி ஊது." அவ்வளவுதான் அவள் கற்றுக்கொடுத்த மூச்சுப்பயிற்சி. சின்னதாக இழு, நீளமாக ஊது. இன்றைய வகுப்புகளில் பணம் கட்டிக் கற்றுக்கொள்வதும் ஏறக்குறைய இதுவேதான்.

மணிக்கு 8 கொட்டை ஆனதும், "ரெண்டாவது பிள்ள, வெரசா வந்துரும்" என்று ஆட்டோவுக்குச் சொன்னாள். போனது வேறு ஆஸ்பத்திரி. துணைக்கு ஒருவரை உள்ளே விடுவார்களா என்று 8-ஆம் மாதமே போய்க் கேட்டு வைத்திருந்தாள். விடிவதற்குள் சின்னவள் பிறந்துவிட்டாள். வலித்தது, நன்றாகவே வலித்தது சின்னு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு நிமிஷம்கூட நான் பயப்படவில்லை.

பின்னால் ஒருநாள் அவளிடம் கேட்டேன், இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று. "மாட்டுக்கிட்ட" என்றாள். கன்று போடுகிற மாட்டைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் அது போடாதாம். கூட்டம் கலைந்து, விளக்கை அணைத்துவிட்டு, பழகின ஆள் ஒருத்தர் மட்டும் பக்கத்தில் இருந்தால் போட்டுவிடுமாம்.

அவள் சொன்னதற்கு மருத்துவம் வேறு பெயர் வைத்திருக்கிறது. கர்ப்பப்பையைச் சுருங்கி விரியவைப்பது ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு. பயந்தால் அட்ரினலின் என்ற இன்னொரு சுரப்பு ஏறும். அது ஏறினால் பிரசவத்தின் ஓட்டம் தடைபடும், தசை இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் இன்னும் பயம். கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1933-லேயே இந்தச் சுழலைப் பற்றி எழுதினார்: பயம், இறுக்கம், வலி. அந்தச் சுழலை எங்கே அறுப்பது? 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வுகளை 2017-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பிரசவம் முழுக்க ஒருவர் விடாமல் கூடவே இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி நேரமும் சற்றுக் குறைந்தது. கூட இருந்தது டாக்டராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

திருச்சிக்காரி நான், எனக்கு இதைப் படித்தபோது மலைக்கோட்டைத் தாயுமானவர் கதைதான் நினைவுக்கு வந்தது. அம்மா பூம்புகாரிலிருந்து கிளம்பி வருகிறாள். காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். இக்கரையில் மகள் ரத்னாவதிக்கு வலி எடுத்துவிட்டது. சிவன் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்தார் என்பதுதான் கதை. வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வந்து நிற்கும்போதுதான் மகளுக்கு விஷயமே புரிகிறது. இன்றும் சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் கட்டுகிறார்கள். போன வெள்ளிக்கிழமை உனக்காக நானும் வேண்டிக்கொண்டு வந்தேன். அம்மா வர முடியாத பெண்ணுக்கு அந்தச் சாமி மருந்து கொண்டுவரவில்லை, அறிவுரை சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இனி உன் கணக்கு. இது 32-வது வாரம், கையில் இன்னும் 8 வாரம் இருக்கிறது.

முதல் வேலை, அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் வாய்விட்டுக் கேள். பிரசவ அறையில் கூட ஒருத்தரை விடுவீர்களா? வலி இருக்கும்போது நடக்கலாமா, ஒருக்களித்தோ குத்தவைத்தோ முக்கலாமா? இடையில் தண்ணீர், கஞ்சி குடிக்கலாமா? எல்லாருக்கும் கீழே வெட்டித் தையல் போடுவீர்களா, தேவைப்பட்டால் மட்டுமா? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதே. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியே, விரும்பும் துணை வேண்டும் என்கிறது. சிக்கல் இல்லாதவர்கள் சாப்பிடலாம், குடிக்கலாம், நிமிர்ந்த நிலையில் இருக்கலாம், எல்லாருக்கும் வெட்டுப்போட வேண்டியதில்லை என்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளிலும் பிரசவத் துணைக்கு 2016-ல் மத்திய அரசு வழிவிட்டிருக்கிறது.

இன்னொன்றையும் அதே வழிகாட்டி சொல்கிறது. கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவம் வேகம் பிடிக்கும். அதற்கு முந்தைய கட்டம் ஆளுக்கு ஆள் மாறும், தலைச்சன் பிள்ளைக்கு ரொம்ப நேரம் ஆகலாம். மணிக்கு 1 சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. நான் முதல் தடவை 1 சென்டிமீட்டரில் போய்ப் படுத்ததுதான் வம்பாகியது. உனக்கு ஒரு மணி நேரத்தில் 12 கொட்டை, அதாவது 5 நிமிஷத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் நிற்கிறது என்றால் கிளம்பலாம். தாம்பரம் டிராபிக்கை நினைத்துக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பினாலும் தப்பில்லை. உன் டாக்டர் வேறு கணக்குச் சொன்னால் அதுதான் கணக்கு.

ஆனால் கொட்டையே எண்ணாமல் ஓட வேண்டிய நேரங்களும் உண்டு. இதை இரண்டு தடவை படி. பனிக்குடம் உடைந்தால், அதுவும் தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால். ரத்தம் பட்டால். பிள்ளையின் அசைவு குறைந்தால். தலைவலி விடாமல் இருந்து கண் மங்கினால், முகம் வீங்கினால். காய்ச்சல் வந்தால். 37 வாரத்துக்கு முன்னால் வலி விட்டு விட்டு வந்தால். அப்போது சீரகத் தண்ணியும் வேண்டாம், எனக்குப் போன் போடுவதும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடு.

உடம்பைத் தயார் செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டாக்டர் சரி என்றால் தினம் அரை மணி நடை. ஒருக்களித்துப் படு. பட்டாம்பூச்சி ஆசனம் போடு, இடுப்பும் தொடையும் விட்டுக்கொடுக்கும். 35-வது வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, தேங்காய் எண்ணெயால் கீழே மெதுவாக நீவிவிடு. தலைப்பிரசவத்தில் வெட்டுத் தையலுக்கான வாய்ப்பு இதனால் குறைகிறது. இதை நம் வீட்டில் யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள், அதனால்தான் நான் எழுதுகிறேன். எப்படி என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ ஒருமுறை கேட்டுக்கொள்.

பெஞ்சில் கிடைக்கிற யோசனைகளில் சிலதை விட்டுவிடு. நெய் குடித்தால் பிள்ளை வழுக்கிக்கொண்டு வரும் என்பார்கள். நெய் போகும் பாதை வேறு, பிள்ளை வரும் பாதை வேறு. விளக்கெண்ணெய் குடித்து வலியை வரவழைக்கச் சொன்னால் கேட்காதே, வயிற்றுப்போக்கில் துவண்டுவிடுவாய். திருக்கருகாவூர் கோயிலிலிருந்து அத்தை கொண்டுவந்த எண்ணெய் வயிற்றில் தடவத்தான், அதைத் தாராளமாகத் தடவிக்கொள். கடைசி மாதம் பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்கிறார்கள், நல்லதுதான். ஆனால் உனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, டாக்டரைக் கேட்காமல் தொடாதே. அந்தப் பெண் எப்படிக் கதறினாள் தெரியுமா என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடு.

இயற்கைப் பிரசவம் என்று சொல்லி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிற வீடியோக்களை மாப்பிள்ளை பார்க்கிறார் என்று சொன்னாய். 2018-ல் திருப்பூரில் அப்படி வீட்டில் பிரசவித்த ஒரு பெண் ரத்தப்போக்கில் போய்ச் சேர்ந்தாள். அவளைப் பற்றி அவரிடம் சொல். பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்காமல் போனால் நிமிஷக் கணக்கில் காரியம் கெட்டுவிடும். உன் அம்மாவுக்கு அவ்வளவு தெரியும், ஆனாலும் என்னை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனாள்.

சிசேரியன் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் பார்த்தால் 64. இத்தனையும் தேவைப்பட்டுத்தான் நடந்தது என்று நான் நம்பவில்லை. அதனால்தான் இத்தனை கேள்வி கேட்கச் சொல்கிறேன். அதே சமயம், நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்திருந்தால், பிள்ளை குறுக்கே கிடந்தால், அதன் நாடித்துடிப்பு இறங்கினால், கத்திதான் உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றும். அப்படி ஆனால் நீ தோற்றுவிட்டாய் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. வலி தாங்கவில்லை, எபிடியூரல் (முதுகில் போடும் வலி மரக்கிற ஊசி) வேண்டும் என்றாலும் கூசாமல் கேள். எப்படிப் பிறந்தாலும் பிள்ளையை உன் நெஞ்சில் போடச் சொல், தொப்புள்கொடியை ஒரு நிமிஷமாவது கழித்து வெட்டச் சொல், ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடு.

நீ முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். அம்மா இருந்திருந்தால் உன் முதுகில் கை வைத்திருப்பாள். எங்கே வைப்பாள், எவ்வளவு அழுத்துவாள் என்று எனக்குத் தெரியும், என் முதுகு அதை மறக்கவில்லை. 37-வது வாரத்தில் நான் அங்கே வருகிறேன். சின்னவளை அவள் அப்பா பார்த்துக்கொள்வார், ஆபீஸிலும் லீவு சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளைக்கும் அந்த இடத்தில் அழுத்தக் கற்றுக்கொடுக்கிறேன், வீட்டில் இருக்கிறவரை ஆள் மாற்றி ஆள் செய்யலாம்.

உள்ளே ஒருத்தரைத்தான் விடுவார்கள் என்றால் நானா அவரா என்பதை நீயே யோசித்து வை, யார் என்றாலும் எனக்குச் சம்மதம். வியாழக்கிழமை செக்கப் முடிந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று போன் போடு. அன்றைக்கே பல்லவன் ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிடுகிறேன். கொட்டைகளை உன் அம்மாவின் அதே மஞ்சப்பையில் எடுத்து வைத்தாயிற்று.

உன் அக்கா