போறணையை இடித்துவிட்டார்கள்

அன்பின் குஞ்சு,

வத்தளையில் எல்லோரும் சுகம். பேத்தி பிறந்த செய்தியைச் சின்னக்கா சொன்னா, படமும் பார்த்தேன். மூக்கு அப்படியே உன் அப்பாவின் மூக்கு, இனி அந்தப் பிள்ளை பாடு. என் முழங்கால் முன்போலத்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பேக்கரியில் விறகு எரித்துப் பாண் சுடும் செங்கல் போறணையை இடித்துவிட்டார்கள்.

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு யாழ்ப்பாணம், எங்கள் குருநகருக்குப் போயிருந்தேன். சேமக்காலையில் அம்மாவுக்கும் உன் அப்பாவுக்கும் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, திரும்பும் வழியில் பாண் வாங்கலாம் என்று அந்தப் பக்கம் போனேன். முன்னுக்குக் கண்ணாடி அலுமாரி, பளபளவென்று விளக்கு. பின்வளவில் கறுத்துப்போன செங்கல் குவிந்து கிடக்கிறது. உள்ளே ஆளுயர மின் போறணை ஒன்று. பழைய ஐயாவின் பேரன்தான் இப்போது கடையைப் பார்க்கிறான், மரியாதையான பெடியன். "அன்ரி, விறகு கட்டுப்படியாகாது. வீட்டுக் கேக் தட்டும் இப்ப ஒருத்தரும் கொண்டு வாறேல்லை" என்றான். அவனில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் எனக்கு அன்றைக்குப் பாண் இறங்கவில்லை. இந்த ஊரில் வேறு யாரிடம் சொல்ல? சொன்னால், ஓவன் எல்லா வீட்டிலும் இருக்கிறதே என்பார்கள்.

ஓவன் இருக்கிறது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் நத்தாருக்குச் செய்யும் ரிச் கேக்குக்குத் தேவையான சூடு அந்தப் போறணையில்தான் தானாக வரும். விடியற்காலைப் பாண் எல்லாம் இறக்கி, தணலை வாரி எடுத்தபிறகு, செங்கல் பிடித்து வைத்திருக்கும் சூடு மெல்ல மெல்ல இறங்கும் பார், அந்த இறங்குசூட்டில் இரண்டரை மூன்று மணித்தியாலம் கிடந்தால்தான் அவ்வளவு பழமும் சீனியும் அடி பிடிக்காமல் நடுவரை வேகும். அதனால்தான் அம்மாமார் எல்லோரும் காலை பத்து மணிக்குப் பிறகே தட்டுகளை அனுப்பினார்கள். நீயும் நானும் பழைய சேலைத்துண்டைச் சும்மாடாக்கி, தலையில் தட்டை வைத்துக்கொண்டு போவோம். எங்கள் தட்டுக்கு மூலையில் மூன்று கஜு, உங்களுக்கு நடுவில் செரி, கேக் மாமிக்கு ஒரு சிலுவை. அடையாளம் வைத்தும் ஒரு வருடம் தட்டு மாறிய கதையை இங்கே எழுதமாட்டேன். உன் மருமகன் வாசித்தாலும் வாசிப்பான்.

இப்போது மகள் கேட்கிறாள், ஏனம்மா இவ்வளவு மினக்கெடுகிறீர்கள், கடையில் அழகான கேக் விற்கிறதே என்று. போன நத்தாருக்கு அவளே ஒன்று வாங்கி வந்தாள், மரக்கட்டை வடிவத்தில், சொக்கிலேட் கிறீம் பூசி, மேலே சீனியில் செய்த காளான்கூட வைத்து. கைவேலை நல்ல வேலை, பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிட்டார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் கோபம் வருவது ரிச் கேக் என்று பெயர் எழுதி விற்கிறார்களே, அதைப் பார்த்துத்தான். ரவைக்குப் பதில் கோதுமை மா, பட்டருக்குப் பதில் மாஜரின், கஜுவுக்குப் பதில் நிலக்கடலை, சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித்தோசி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பும் பச்சையுமாய்ச் சாயம் போட்ட பப்பாசித் துண்டு. வாயில் வைத்தால் எசன்ஸ்தான் முதலில் வருகிறது. சாதிக்காய், ஏலக்காய், கறுவா, ஒன்றின் வாசமும் இல்லை.

விலைவாசி எனக்கும் தெரியும். 2022 இல் எரிவாயு வரிசையில் நின்றவள் நான், அடுத்த வருடம் பேக்கரிகளுக்காக இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டி வந்த நாடு இது, கஜு விலை இப்போது வாயில் சொல்லக்கூடியதாக இல்லை. அதனால் குறைத்துப் போடட்டும், சின்னதாகச் செய்யட்டும். நாங்களும் பப்பாசி போட்டவர்கள்தானே. 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்காலத்தில் செரி எங்கே, பட்டர் எங்கே? உன் அம்மா பப்பாசிக்காயைச் சீனிப்பாகில் காய்ச்சி, பிராண்டிக்குப் பதிலாகப் பனஞ்சாராயம் விட்டு, கரண்ட் இல்லாத வீட்டில் ஜாம் போத்தல் விளக்கை வைத்துக்கொண்டு வெட்டினா. விறகில்லாமல் போறணை நின்ற வருடம் அம்மா பெரிய தாச்சியில் மணல் பரப்பி, அதற்குள் கேக் தட்டை இறக்கி, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல் போட்டு வேக வைத்தா. தணல் நூர நூர மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈர்க்கைக் குத்தி, ஒட்டாமல் வருகிறதா என்று பார்க்கும் வேலை எனக்கு. அந்தக் கேக்கில் பழம் கொஞ்சம்தான் இருந்தது, ஆனால் ரவையைச் சூடு காட்டிப் பட்டருக்குப் பதில் கிடைத்ததோடு பிசைந்து ஊறவிட்டதிலும், மஞ்சட்கருவைச் சீனியோடு கை நோக நோக அடித்ததிலும் ஒரு குறையும் வைக்கவில்லை.

1993 நவம்பரில் எங்கள் குருநகர் யாகப்பர் கோயிலில் குண்டு விழுந்ததே, அந்த வருடம் எங்கள் வீட்டில் கேக் இல்லை. நறுக்கி ஊறப் போட்டிருந்த பழத்தை அம்மா செத்தவீடுகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டு போகும்போது யாரோ ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டா. அதைப் பற்றிப் பிறகு ஒருநாளும் கதைத்ததில்லை. உனக்கு இதைச் சொல்லியிருக்கிறேனோ தெரியாது.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன், ஏன் இந்தக் கேக்குக்காக இப்படி அடித்துக்கொள்கிறேன் என்று. ருசி மட்டும் காரணம் இல்லை குஞ்சு. அந்தக் கேக் காத்திருக்கும். சில வருடம் நத்தாரும் திருவெம்பாவையும் ஒன்றாக வருமே, ஞாபகமா? பக்கத்து வீட்டு வாத்தியார் குடும்பம் அந்தப் பத்து நாளும் முட்டை பட்ட சாமான் தொடாது. ஆனாலும் அம்மா 25 ஆம் திகதியே அவர்கள் பங்கை ஒயில் பேப்பரில் சுற்றிப் பேணியில் போட்டுக் கொடுத்துவிடுவா. திருவாதிரை முடிய எடுத்துச் சாப்பிடுவார்கள். அதற்குள் பிராண்டி ஊறி இன்னும் நன்றாக இருக்கும், வாத்தியார் மனைவி அதை வேலியில் நின்று சொல்லுவா. பொங்கலுக்குப் பேணி திரும்பி வரும்போது அதற்குள் மோதகமோ வடையோ இருக்கும், வெறும் பேணி வந்ததாக எனக்கு நினைவில்லை. கடலுக்குப் போனவர்களுக்கு, வெளிநாட்டுக்குப் போன அண்ணாவுக்கு, கொழும்பிலிருந்து எப்போது வருவார் என்று தெரியாத அப்பாவுக்கு, எல்லோருக்கும் எடுத்து வைத்தோம். கிறீம் பூசிய மரக்கட்டையை யாருக்கு எடுத்து வைக்க முடியும்? இரண்டாம் நாளே பிறிட்ஜில் இடம் இல்லை, முடியுங்கோ என்று ஆளுக்கொரு தட்டை நீட்டுகிறார்கள். வராதவர்களுக்கு அதில் பங்கில்லை.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பறங்கி அன்ரியும் இதே கவலைதான் படுகிறா. அவர்கள் நத்தார்க் காலையில் புரூடர் வெட்டுவார்கள், ஒல்லாந்தர் விட்டுப்போன பழக்கம். ஈஸ்ட் போட்டுப் பொங்கவிட்டு, முந்திரிகை வற்றல் சேர்த்து, வரிவரியான அச்சில் வேக வைப்பது. துண்டு போட்டு, பட்டர் பூசி, சிவப்பு மெழுகு உருண்டைச் சீஸோடு சாப்பிட வேண்டும். கொழும்புக் கடைகளில் டிசம்பர் வந்தால் கிடைக்கிறது, ஆனால் கேக் மாதிரி இனிப்பாக்கிவிட்டார்கள் என்று அவவுக்கு மனத்தாங்கல். அவவின் அச்சு பாட்டி காலத்துப் பித்தளை. பிள்ளைகள் எல்லோரும் அவுஸ்திரேலியாவில், ஒருவரும் அதைக் கேட்கவில்லையாம். சொல்லும்போது அச்சை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தா. நான் கேட்டுவிட்டேன், எனக்குப் பழக்கிவிடுங்கோ என்று. வருகிற கிழமை போகிறேன்.

இந்த வருடம் ரிச் கேக்கும் நானே செய்கிறேன். பழம் வெட்டியாயிற்று. மகள் முதல் நாள் முகத்தைத் தூக்கினாள், இரண்டாம் நாள் கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். தட்டுக்கு உள்ளே பேப்பர் ஏன் இத்தனை மடிப்பு என்று கேட்டாள், சுற்றுப்பக்கம் கருகாமல் இருக்க என்று சொன்னேன். இனி அவளுக்கு அது மறக்காது. வீட்டு ஓவனில் 150 இல் வைத்து, கடைசி அரை மணித்தியாலம் குறைத்துக்குறைத்துக் கொண்டுவரப் பார்க்கிறேன், போறணை இறங்குசூடு மாதிரி.

ஒன்றுதான் தடை. கடையில் வாங்கிய பூசணித்தோசி கையில் பிடிக்கவே கூழாகிறது. உன் அம்மாவின் தோசி கடித்தால் நறுக்கென்று இருக்கும். நீற்றுப் பூசணியை வெட்டிச் சுண்ணாம்புத் தண்ணீரில் போடுவா என்பது தெரியும், சுண்ணாம்பில் கிடந்தால்தான் பாகில் காய்ச்சும்போது துண்டு இறுகி நிற்கும். எவ்வளவு நேரம் போட்டா, எத்தனை தண்ணீரில் கழுவினா, பாகு எந்தப் பதத்தில் இறக்கினா, அதுதான் தெரியாது. அவவின் நீலக் கொப்பி உன்னிடம்தானே இருக்கிறது, நீ ரொறன்ரோவுக்குப் போகும்போது சூட்கேசில் முதலில் வைத்ததே அதைத்தான். தோசிப் பக்கத்தைப் படமெடுத்து உடனே அனுப்பு. எழுத்து விளங்காது என்று நீயே திருத்தி எழுதாதே, அவவின் கையெழுத்து எனக்கு விளங்கும்.

உன் பங்கைப் பேணியில் போட்டுத் தபாலில் அனுப்புகிறேன், பொங்கலுக்கு முன் வராவிட்டாலும் பழுதாகாது. பேணியை வெறுமனே திருப்பி அனுப்பாதே.

அன்புடன்
உன் மூன்று கஜு