மாப்ள, இந்த ஆயில் போட்டோவ கொஞ்சம் பாத்து சொல்லு

மாப்ள,

எப்படி இருக்க, அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு தங்கச்சி சொல்லுச்சு, ரொம்ப சந்தோஷம். இங்க எல்லாரும் சுகம், இந்த அமெரிக்கா நோவி ஊர்ல குளிர் ஆரம்பிச்சாச்சு, பையன் உன்ன மாதிரியேதான், எதக் கையில குடுத்தாலும் ஸ்க்ரூ டிரைவர் தேடறான். குண்டன் இன்னும் கோவமா இருக்கானா? அந்த ராஜ்தூத் கதைய எடுத்து விடு, சிரிச்சிருவான்.

விஷயம் என்னன்னா, வண்டிக்கு ஆயில் மாத்துனேன், எறங்குன ஆயில்ல என்னமோ மினுங்குது. இத போன்ல சொன்னா நீ பாதியில லேத்த ஆஃப் பண்ணிட்டு கூப்பிடறேன்னு வச்சிருவ, அதான் எழுதறேன், முழுசா படி.

வண்டி அதே செவப்பு மியாட்டாதான், மஸ்டாவோட ரெண்டு சீட்டு கார், 1992 மாடல், 1.6 லிட்டர். 1991 நடுவுல வரைக்கும் வந்த 1.6ல கிராங்க் ஷாஃப்ட்டோட முன் முனை, அந்த மூக்கு, குட்டையா இருக்கும், அதுல மாட்டியிருக்க புல்லி ஆட ஆரம்பிச்சு கிராங்கையே கெடுத்துரும், அதுக்கு பயந்துதான் நான் 92 தேடி வாங்குனேன். 1989ல சிகாகோ ஷோல காட்டுனப்ப இந்த மாதிரி சின்ன வண்டி எவன் வாங்குவான்னு நெனச்சவங்க இருந்தாங்க, 2016ல பத்து லட்சமாவது வண்டி வெளிய வந்துச்சு, நீ இதுல ஒரு தடவ உக்காந்து கியர் போட்டுப் பாத்தீனா ஏன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

பனி விழுந்தா ரோட்டுல உப்பு போடுவாங்க, அதனால குளிர் முடியற வரைக்கும் வண்டி ஷெட்டுலதான். பழைய ஆயில உள்ள வச்சுட்டு அப்படியே நிறுத்தக் கூடாது, அதுல சேந்திருக்க ஆசிடும் தண்ணியும் பேரிங்க அரிச்சுட்டே இருக்கும், நிறுத்தறதுக்கு முன்னாடி புது ஆயில் போட்டுரணும். எஞ்சின கொஞ்ச நேரம் ஓட விட்டு சூடாக்கி, முன்னாடி அடியில குறுக்கால போற கிராஸ் மெம்பர்ல ஜாக்கி குடுத்து தூக்கி, ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு வச்சு, ஆட்டிப் பாத்துட்டுதான் உள்ள போனேன். ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடியில ஒருத்தனும் படுக்கக் கூடாது மாப்ள. அண்ணனுக்கு நடந்தது உனக்கும் எனக்கும் தெரியும். உன் பசங்களுக்கும் இத சொல்லி வை, கடையில ஸ்டாண்டு பத்தலன்னா இன்னைக்கே வாங்கு, காசு கணக்கு பாக்காத.

ஆயில எறக்கற ட்ரெய்ன் போல்ட்ட பாத்தா எனக்கு வயிறு எரிஞ்சுது. 19 நம்பர் தலை, மூலையெல்லாம் மழுங்கிப் போயிருக்கு, வாஷரே இல்ல. எனக்கு முன்னாடி வச்சிருந்த பெரியவர் அவசர ஆயில் கட ஒன்னுல குடுத்து மாத்திருக்காரு, அவன் ஏர் கன்ன வச்சு டுர்ருன்னு அடிச்சு விட்டிருக்கான். மேனுவல்ல இருக்கறது 30ல இருந்து 41 நியூட்டன் மீட்டர், அவ்வளவுதான் வேணும், கையால இறுக்கி டார்க் ரெஞ்ச்ல ஒரு க்ளிக். அதுக்கு மேல அடிச்சா போறது சம்ப்போட, அதான் எஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கற தொட்டியோட மரை, அவன் காசு வாங்கிட்டு போயிருவான், அனுபவிக்கறது வண்டிக்காரன். நல்ல வேளை மரை தப்பிச்சுது, புது போல்ட்டும் வாஷரும் போட்டுட்டேன்.

ஃபில்டர் இருக்கே, அத இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில கொண்டு போய் வச்சிருக்கான். வலது பக்க முன் சக்கரத்த கழட்டிட்டு அந்த சந்துல கைய விட்டு, மேல பிளாஸ்டிக் பை ஒன்னு மாட்டி, பைக்குள்ளயே திருகி எடுத்தேன், ஒரு சொட்டு எஞ்சின் மவுன்ட்டு மேல விழல. பழைய ரப்பர் ரிங்கு எஞ்சின்ல ஒட்டிக்கிட்டு நின்னுரும், அது இருக்கறப்பவே புது ஃபில்டர மாட்டுனா ஆயில் பீச்சி அடிச்சிரும், அதனால வெரல விட்டு தடவிப் பாத்தேன், வந்திருந்துது. 10W-30, ஃபில்டரோட சேத்து 3.6 லிட்டர் ஊத்துனேன். பழைய ஆயில ஆட்டோஸோன்ல சும்மாவே வாங்கிக்கறாங்க, அதுல பிரச்சன இல்ல.

பிரச்சன இதுதான். ட்ரேல இருந்த ஆயில டார்ச் அடிச்சு பாத்தா ஜிகினாத் தூள் மாதிரி சன்னமா மினுங்குது. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. மறுநாள் ஃபில்டர அறுத்து, உள்ள இருந்த பேப்பர மடிப்பு மடிப்பா விரிச்சு வெளிச்சத்துல காட்டுனேன், அங்கயும் அதே தூள், நெகத்துல தேச்சா உருள மாட்டேங்குது, தட்டையா ஒட்டிக்குது. காந்தம் வச்சுப் பாத்தேன், ஒன்னு கூட ஒட்டல. அப்ப இரும்பு இல்ல. அலுமினியமா, பேரிங் மெட்டலா? எனக்கு வெள்ளி நெறமா தெரியுது, ஆனா பையன் லேசா மஞ்சள் அடிக்குதுங்கறான், மஞ்சள்னா பேரிங்ல இருக்க காப்பரா இருக்குமோன்னுதான் எனக்கு வயித்தக் கலக்குது.

நல்லது சொல்லணும்னா ஆயில் பிரஷர். இந்த வருஷத்து வண்டில மீட்டர் நெஜமாவே பிரஷர காட்டும், 95ல இருந்து வந்ததுல முள்ளு சும்மா நடுவுல போய் நிக்கும், எதுவும் தெரியாது. நான் புது ஆயில் போட்டு ஸ்டார்ட் பண்ணுனப்ப முள்ளு கொஞ்சம் தயங்கி அப்புறம் சீரா ஏறுச்சு, நல்லா சூடாகி ஐடில்ல நிக்கறப்பயும் எறங்கல. பேரிங் தேஞ்சிருந்தா அந்த எடத்துல முள்ளு தொங்கணும்ல? மேல டிக் டிக்னு ஒரு சத்தம் இருந்துச்சு, அது வால்வ தள்ளற ஹைட்ராலிக் லிஃப்டர், இந்த எஞ்சினோட பழக்கம், புது ஆயில்ல கொறஞ்சிருச்சு. கீழ இருந்து லொடக்குன்னு ஒன்னும் வரல, ஸ்க்ரூ டிரைவர காதுல வச்சு சம்ப்பு மேல கேட்டேன், அண்ணன் சொல்லிக் குடுத்த மாதிரியே.

ஆயில் பாதி எறங்கறப்பவே ஒரு பாட்டில்ல புடிச்சு ஃபோர்ட் வேய்ன்ல இருக்க பிளாக்ஸ்டோன் லேபுக்கு அனுப்பிட்டேன். ஆயில்ல இரும்பு, அலுமினியம், காப்பர், லெட் (ஈயம்) எது எவ்வளவுன்னு நம்பர் போட்டு குடுப்பாங்க. லெட்டும் காப்பரும் ஏறியிருந்தா பேரிங்கேதான், எஞ்சின எறக்கியாகணும். எறக்கறதுக்கு நான் பயப்படல, உண்மைய சொன்னா அந்த வேலைய ஒரு தடவ என் கையால செய்யணும்னு ஆசை கூட இருக்கு. ஆனா தேவையில்லாம நல்ல எஞ்சின பிரிச்சு போடறது பாவம்.

லேப் நம்பர் சொல்லும், ஆனா நீ இத்தன வருஷம் பேரிங் கடைஞ்சவன், உன் கண்ணு எனக்கு வேணும். ஃபில்டர் பேப்பர் போட்டோவும் பழைய போல்ட் போட்டோவும் வாட்ஸ்ஆப்ல போட்டிருக்கேன், பெருசு பண்ணிப் பாரு, அந்த மஞ்சள் பேரிங்கா இல்ல லைட் வெளிச்சமான்னு சொல்லு. நான் வருத்தப்படுவேன்னு மழுப்பாத. ஓட்டலாமா, எறக்கணுமா, அத மட்டும் சொன்னா போதும்.

சுந்தர்